ஓட்டுநருக்கு மதிப்பெண்: பாதுகாப்பும் எரிபொருட் சிக்கனமும்

ஒரே தடத்தில், ஒரே அமைப்புள்ள இரண்டு பேருந்துகள், ஏறத்தாழ ஒரே அளவு பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் ஓடுகின்றன. மாலையில் பணிமனைக்குத் திரும்பியதும் இரண்டின் தொட்டிகளிலும் டீசல் நிரப்பப்படுகிறது. ஒன்று 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டரும், மற்றொன்று 22 லிட்டரும் செலவழித்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவ்வேறுபாடு எஞ்சினிலிருந்து வந்ததா, சாலையிலிருந்து வந்ததா, ஓட்டியவரின் கைகால்களிலிருந்து வந்ததா? இந்தியாவின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் இக்கேள்வி புதியதன்று. ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை ஓட்டுநர் வாரியாகக் கணக்கிட்டு எழுதிவைக்கும் வழக்கம் பணிமனைகளில் நெடுங்காலமாக உண்டு. ‘கே.எம்.பி.எல்.’ என்னும் ஆங்கிலச் சுருக்கத்தை அறியாத அரசுப் பேருந்து ஓட்டுநர் இருத்தல் அரிது.

அண்மைக் காலத்தில் இக்கணக்குடன் வேறு பல கணக்குகளும் சேர்ந்துள்ளன. மூன்று சக்கர வண்டிகள் நீங்கலாகப் புதிதாகப் பதிவாகும் பொதுப் பிரயாணிகள் வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் அபாய அறிவிப்புப் பொத்தானும் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் வண்டியை ஓட்டும் விதத்தை ஒட்டிக் காப்பீட்டுக் கட்டணத்தை அமைத்துக்கொள்ளக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. சரக்கு லாரிகளிலும் வாடகைக் கார்களிலும் கைத்தொலைபேசியே ஓட்டுநரின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்து, மாத முடிவில் ‘நூற்றுக்கு இத்தனை’ என்று ஓர் எண்ணை அளித்துவிடுகிறது. அந்த எண் ஒருவருடைய ஊக்கத்தொகையை நிர்ணயிக்கிறது. சில இடங்களில் வேலையையே நிர்ணயிக்கிறது. மறுபுறம், 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், அவ்வுயிரிழப்புகளில் 71.2 சதவீதம் அளவுக்கு மிஞ்சிய வேகத்துடன் தொடர்புடையவை என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை தெரிவிக்கிறது. ஆகவே ஓட்டுநருக்கு மதிப்பெண் இடுவது வேண்டாத வேலை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவும் இயலாது.

பிரேக்கில் வெப்பமாகும் டீசல்

பாதுகாப்பும் சிக்கனமும் இரு வேறு குணங்கள்போல் தோன்றினாலும், பெரும்பாலும் அவற்றின் வேர் ஒன்றே. அதைக் காண எளிய கணக்கு ஒன்று போதும். பிரயாணிகளுடன் 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 54 கி.மீ., அதாவது விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல், எடையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைக்கும் 16,87,500 ஜூல்; ஏறத்தாழ 1.7 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்ப ஆற்றல் சுமார் 36 மெகாஜூல். அதில் பத்தில் மூன்று பங்கே சக்கரங்களை வந்தடைகிறது என்று கொண்டால், லிட்டருக்கு 11 மெகாஜூல் பயன்படும். ஆகவே அந்தப் பேருந்தை அவ்வேகத்துக்குக் கொண்டுவர 150 மில்லிலிட்டருக்குச் சற்று மிகுதியான டீசல் செலவாகியிருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தும்போது அவ்வளவும் பிரேக்குக் கட்டைகளில் வெப்பமாக மாறிக் காற்றோடு போகிறது. தேவையற்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெரிய தேநீர்க் குவளை டீசல் சாலையில் கொட்டப்படுகிறது என்று வகுப்பில் கூறினால் மாணவர் எளிதில் மறவார்.

இனி, 200 மீட்டருக்கு அப்பால் சிவப்பு விளக்கைக் கண்டவுடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் ஓட்டுநரைக் கவனிப்போம். கியர் பொருந்தியபடியே வண்டி உருண்டு செல்கிறது. டயர்களின் உராய்வும், காற்றின் எதிர்ப்பும், எஞ்சினின் இழுப்பும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. இக்காலத்து எஞ்சின்களில் அந்நேரம் முழுவதும் எரிபொருள் பாய்வது அடியோடு நின்றுவிடுகிறது. வேகம் மணிக்கு 36 கி.மீ. ஆனபின் அவர் பிரேக்கைத் தொட்டால், வெப்பமாக வீணாவது 0.75 மெகாஜூல் மட்டுமே. பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வண்டியைச் செலுத்துவதிலேயே பயன்பட்டுவிட்டது. விளக்கு அதற்குள் பச்சையானால் அந்த 0.75 மெகாஜூலும் மிச்சம்.

இதே செயல் பாதுகாப்பையும் தருகிறது. ஆபத்தைக் கண்டு காலை நகர்த்த ஒரு விநாடி ஆகிறது என்றும், வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் குறைகிறது என்றும் கொண்டால், 54 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நிற்பதற்கு 37.5 மீட்டர் வேண்டும், 72 கி.மீ. வேகத்தில் செல்வதற்கு 60 மீட்டர் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியபோது நிற்கும் தூரம் ஐந்தில் மூன்று பங்கு கூடிவிடுகிறது. முன்கூட்டியே காலை எடுத்தவர் இந்தத் தூரத்தைக் கையிருப்பாக வைத்திருக்கிறார். தொலைவைப் பார்த்து ஓட்டும் பழக்கம் ஒன்றே டீசலையும் உயிரையும் ஒருங்கே காக்கிறது. மதிப்பெண் முறை உண்மையில் அளக்க முயல்வது இந்தப் பழக்கத்தைத்தான். ஆனால் பழக்கத்தை நேராக அளக்கக் கருவி இல்லாமையால் அதன் தடயங்களை எண்ணுகிறது.

விபத்துகளை எண்ணினால் போதாதா?

பாதுகாப்பாக ஓட்டுபவர் யார் என்று அறிய விபத்துகளையே எண்ணிவிடலாமே என்று கேட்கலாம். இங்கே தற்செயல் என்னும் தடை குறுக்கிடுகிறது. சரிசமமான திறமையுள்ள 100 ஓட்டுநர்கள், சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு விபத்து என்னும் நிலையில் இருக்கிறார்கள் எனக் கொள்வோம். ஓராண்டில் அவர்களில் 90 பேருக்கு விபத்தே நேராது. 9 பேருக்கு ஒன்று நேரும். எஞ்சிய ஒருவருக்கு இரண்டு நேரினும் வியப்பில்லை. திறமையில் அணுவளவும் வித்தியாசம் இல்லாதபோதே இந்நிலை. 90 பேருக்குப் பரிசளித்து 9 பேரைத் தண்டித்தால், நிர்வாகம் தண்டித்தது கவனக்குறைவை அன்று, துரதிர்ஷ்டத்தையே. ஆதலால்தான் விபத்துக்கு முந்திய அடையாளங்கள் எண்ணப்படுகின்றன. திடீரென நிறுத்துதல், துள்ளிக் கிளம்புதல், வளைவில் வேகம் குறைக்காமை, வேக வரம்பை மீறுதல், வண்டி நிற்கும்போது எஞ்சினை வீணே ஓடவிடுதல் ஆகியவை நாள்தோறும் பலமுறை நிகழ்வதால், அவற்றை 100 கிலோமீட்டருக்கு இத்தனை என்று கணக்கிட்டால் ஒரு மாதத்திலேயே ஓட்டுநரின் இயல்பு புலப்படத் தொடங்கும்.

நூலும் குண்டும்

திடீர் நிறுத்தத்தைக் கருவி எவ்வாறு அறிகிறது? வேகவளர்ச்சியை, அதாவது இன்றைய பாடநூல்கள் முடுக்கம் எனக் கூறுவதை, அளந்து அறிகிறது. கைத்தொலைபேசிக்குள் இருக்கும் நுண்ணிய சிலிக்கன் பொறியும், ஒரு நூலில் கட்டிய ஈயக் குண்டும் தத்துவத்தில் ஒன்றே. ஆசிரியர்கள் இதனைப் பேருந்திலேயே செய்துகாட்டலாம். ஒரு பாகைமானியை அதன் நேர்விளிம்பு மேலே இருக்கும்படி, வண்டியின் நீளத்துக்கு இணையாகப் பிடித்து, அதன் மையத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மேற்படாத நூலில் சிறு குண்டைத் தொங்கவிட வேண்டும். வண்டி சீரான வேகத்தில் சமதளச் சாலையில் செல்லும்போது நூல் செங்குத்தாகத் தொங்கும். வேகம் கூடும்போது குண்டு பின்னோக்கியும், பிரேக்கு அழுத்தும்போது முன்னோக்கியும் சாயும். சாய்வுக் கோணத்தின் டான்ஜென்டைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8ஆல் பெருக்கினால் வண்டியின் முடுக்கம் கிடைக்கும். 6 பாகை சாய்ந்தால் விநாடிக்கு விநாடி 1 மீட்டர், 11.5 பாகைக்கு 2 மீட்டர். 17 பாகைக்கு 3 மீட்டர். கடைசியாகக் கூறியது, மணிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகம் ஒவ்வொரு விநாடியும் குறைவதைக் குறிக்கும். கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் அப்போது நிலைகுலைவார். கருவிக்குக் கருவி வரம்பு மாறினும், ‘கடும் பிரேக்கு’ என்று குறிப்பது பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே தொடங்குகிறது.

இச்சோதனை கருவியின் குறைகளையும் கற்பிக்கும். இருபதுக்கு ஒன்று என்னும் சரிவில் வண்டி சீராகச் சென்றாலும், வண்டியின் தளத்தோடு ஒப்பிடும்போது நூல் ஏறத்தாழ 3 பாகை சாய்ந்தே நிற்கும். சாலைச் சரிவையும் வேக மாற்றத்தையும் குண்டினால் வேறுபடுத்தி அறிய முடியாது. தனித்து இயங்கும் சிலிக்கன் பொறியாலும் முடியாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் குண்டு தாறுமாறாக ஆடும். தாங்கியிலிருந்து நழுவிக் கீழே விழும் கைத்தொலைபேசி, ஓட்டுநர் ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டதாகவே பதிவு செய்யக்கூடும். செயற்கைக்கோள் வழியாக வேகத்தை அறியும் கருவியோ வேறு வகையில் ஏமாற்றும். பத்து விநாடிக்கு ஒருமுறை மட்டுமே அது பதிவு செய்யுமாயின், மூன்று விநாடியில் நிகழ்ந்து முடிந்த திடீர் நிறுத்தம் பதிவேட்டில் இடம்பெறாமலே போய்விடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கருவியே ஓரளவு நம்பத்தக்கது.

சிக்கனமும் பாதுகாப்பும் பிரியும் இடம்

இரண்டும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் வைத்துப் பரிசளித்தால், இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிடும் வழக்கம் பரவுகிறது. மும்பைக்கும் புணேக்கும் இடையே உள்ள போர்காட் மலைச்சாலை போன்ற நீண்ட இறக்கங்களில் இது பேரபாயம். எஞ்சினின் இழுப்பு இல்லாமையால் முழுச் சுமையும் பிரேக்கின்மீது விழுந்து, உருளைகள் சூடேறி, பிடிப்பு தளர்கிறது. எஞ்சினையே நிறுத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காற்றழுத்தப் பம்பு நின்றுவிடுவதால் ஒவ்வொரு முறை பிரேக்கை அழுத்தும்போதும் சேமித்த காற்று குறையும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். இதில் வேடிக்கை என்னவெனில், நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடுவதற்கும் டீசல் செலவாகிறது. கியரில் உருளும்போதோ இன்றைய எஞ்சின் ஒரு துளியும் கேட்பதில்லை. பழைய எஞ்சின்களின் காலத்து நம்பிக்கை ஒன்று, அதற்குரிய காரணம் பெரும்பாலும் மறைந்த பின்னும் நிலைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு கடும் பிரேக்குக்கும் மதிப்பெண் குறையும் என்று அறிந்த ஓட்டுநர், குழந்தை ஒன்று சாலையில் குறுக்கே ஓடும்போது அரை விநாடி தயங்கினால் என்னவாகும்? தனியொரு கடும் பிரேக்கு உயிர் காத்த செயலாக இருக்கலாம். எனவே அதற்காக ஒருவரையும் குறைகூறலாகாது. ஆயினும் ஒரு மாதத்தில் ஒருவர் பிறரைவிட மும்மடங்கு முறை அவ்வாறு நிறுத்துவாராயின், அவர் முன்செல்லும் வண்டியை மிக நெருங்கிச் செல்கிறார் அல்லது தொலைவைப் பார்ப்பதில்லை என்று கொள்ளலாம்.

மதிப்பெண்களைக் கூட்டும் முறையிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. சிக்கனத்துக்கு 50, பாதுகாப்புக்கு 50 என்று வகுத்து, ஒருவர் 48ம் 24ம் பெறுகிறார். மற்றொருவர் 36ம் 36ம் பெறுகிறார். இருவருக்கும் கூட்டுத்தொகை 72. இருவரும் சமமா? வேக வரம்பை மீறியதால் இழந்ததை டீசல் மிச்சத்தால் ஈடுசெய்ய இடந்தரும் முறை தவறானது. பாதுகாப்பில் ஒரு குறைந்தபட்ச எல்லையைத் தாண்டியவருக்கு மட்டுமே சிக்கன மதிப்பெண் கணக்கிடப்படும் என்று வகுத்தால் இக்குறை நீங்கும்.

யாரை யாரோடு ஒப்பிடுவது?

மதிப்பெண் முறையின் நியாயம் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியுள்ளது. நகரத் தடத்தில் ஓட்டும் ஒருவர் லிட்டருக்கு 4.6 கி.மீ. பெறுகிறார்; நெடுஞ்சாலையில் ஓட்டும் மற்றொருவர் 5.3 பெறுகிறார். எண்களை மட்டும் வரிசைப்படுத்தினால் இரண்டாமவர் முதலில் நிற்பார். ஆனால் அதே நகரத் தடத்தில் அதே மாதம் எல்லா ஓட்டுநர்களின் சராசரி 4.4 என்றும், அந்த நெடுஞ்சாலைத் தடத்தின் சராசரி 5.5 என்றும் தெரியவந்தால், முதலாமவர் தம் தடத்தின் சராசரிக்கு 4.5 சதவீதம் மேலும், இரண்டாமவர் 3.6 சதவீதம் கீழும் நிற்பது விளங்கும். நிலைகள் தலைகீழாகிவிடுகின்றன.

வண்டியின் குறை ஓட்டுநர்மீது ஏறுவது இதனினும் நுட்பமானது. டயரில் காற்றுக் குறைவு, முழுதும் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக்கு, நழுவும் கிளச், பழுதுபட்ட இன்ஜெக்டர் ஆகிய ஒவ்வொன்றும் டீசலைத் தின்னும். வயற் சோதனைகளில் ஒரே பாத்தியில் ஒரே விதையை மட்டும் இட்டு முடிவு கூறலாகாது என்பது களப்பணியாளர் அறிந்ததே. நிலத்தின் குணத்தை விதையின் குணத்திலிருந்து பிரிக்க விதைகளை மாற்றி மாற்றி இடுவது போல, ஓட்டுநர்களையும் வண்டி மாற்றி அனுப்ப வேண்டும். முதல் வண்டியில் ஒருவர் 4.8ம், மற்றவர் 4.6ம் பெறுகிறார்கள், இரண்டாம் வண்டியில் முறையே 4.4ம், 4.2ம் பெறுகிறார்கள் எனக் கொள்வோம். ஓட்டுநர்களிடையே வேறுபாடு 0.2, வண்டிகளிடையே 0.4. முதலாமவருக்கு எப்போதும் இரண்டாம் வண்டியையும், இரண்டாமவருக்கு முதல் வண்டியையும் கொடுத்திருந்தால், திறமை மிக்கவர் 4.4 பெற்றுத் தாழ்ந்தும், மற்றவர் 4.6 பெற்று உயர்ந்தும் காணப்பட்டிருப்பர்.

டீசல் நிரப்புவதும் கவனத்துக்கு உரியது. தொட்டியை விளிம்புவரை நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடவோ குறையவோ நேர்ந்தால், நாளைக்கு 50 லிட்டர் செலவழிக்கும் பேருந்தில் அது 2 சதவீதப் பிழை. வண்டியோ நாளுக்கு நாள் ஓட்டுநர் மாறிச் செல்கிறது. நேற்று ஓட்டியவருக்குக் குறைவாக நிரப்பிய லிட்டர் இன்று ஓட்டியவரின் கணக்கில் ஏறிவிடும். ஒரு நாள் எண்ணைக் கொண்டு ஒருவரை அழைத்து விசாரிப்பது இக்காரணத்தாலேயே பொருந்தாது. திருவிழாக் கூட்டம், மழை, மாற்றுப் பாதை எல்லாம் சமனாக ஒரு மாதமேனும் வேண்டும்.

கால அட்டவணையையும் மறக்கலாகாது. 40 நிமிஷத்தில் சென்றடைய வேண்டும் என்று வகுத்த தடத்தில் நெரிசல் பெருகி 50 நிமிஷம் தேவைப்பட்டால், காலந்தவறியமைக்குத் தண்டனையா, துள்ளி ஓட்டியமைக்கு மதிப்பெண் குறைவா என்ற இரண்டில் ஒன்றையே ஓட்டுநர் தேர்ந்துகொள்ள முடியும். அந்தத் தடத்தின் ஓட்டுநர்கள் அனைவரும் குறைந்த மதிப்பெண் பெறுவார்களாயின், திருத்த வேண்டியது அட்டவணையை. இதுபோலவே, கடும் பிரேக்குகள் நிகழ்ந்த இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால், சில சந்திப்புகளில் மட்டும் புள்ளிகள் குவிந்திருப்பதைக் காணலாம். பல கைகள் ஒரே இடத்தில் தடுமாறினால், மறைந்து நிற்கும் வேகத்தடையோ, புதர் மூடிய திருப்பமோ, வெளிச்சமற்ற நடைபாதைக் கடவையோ அங்கே இருக்கிறது என்று பொருள். ஓட்டுநரைப் பற்றி அறியச் சேர்த்த பதிவு, சாலைப் பொறியாளருக்கு இலவசமாகக் கிடைத்த ஆய்வேடாகிறது. இப்பயனை நாடும் நிர்வாகங்கள் மிகச் சிலவே என்பது வருந்தத்தக்கது.

மதிப்பெண்ணை ஓட்டுநரிடம் கூறும் முறை தனிக் கலை. ‘நூற்றுக்கு 63’ என்று கூறினால் அவர் எதைத் திருத்துவார்? ‘கிளம்பும்போது எஞ்சின் சுற்று, மானியின் பச்சைப் பட்டையைத் தாண்டிய பிறகே கியர் மாறுகிறது’ என்று ஒரே ஒரு பழக்கத்தைச் சுட்டி, அடுத்த வாரம் அதன் எண் மட்டும் எப்படி மாறியது என்று காட்டினால் பயன் உண்டு. நல்ல எண் பெற்ற மூத்த ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து ஒரு நடை உடன்செல்வது, அச்சிட்ட அறிவுரைகளினும் மேலானது. பதிவில் பிழை இருப்பதாக ஓட்டுநர் கூறினால் மூலப் பதிவைத் திறந்து காட்டும் ஏற்பாடும் இருத்தல் வேண்டும். கைத்தொலைபேசி கீழே விழுந்த நாளை அவரே அறிவார்.

எலக்ட்ரிக் பேருந்துகள் வரத்தொடங்கிய பின் இக்கணக்குகள் சற்றே மாறுகின்றன. லிட்டருக்குக் கிலோமீட்டர் என்பதற்குப் பதிலாகக் கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட் மின்சாரம் என்று எழுதப்படுகிறது. மெதுவாக வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது; திடீரென அழுத்தினால் உராய்வு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்ய, அந்தப் பங்கு வெப்பமாகிவிடுகிறது. முன்னோக்கி ஓட்டுபவருக்கு ஆதாயம் இங்கும் உண்டு. ஆனால் எலக்ட்ரிக் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தருவதால், டீசல் பேருந்தில் பழகிய கால் அதே அளவு அழுத்தினால் வண்டி துள்ளிக் கிளம்பும். நின்றுகொண்டிருக்கும் முதியோர் விழுவதற்கு அது போதும். ஆகையால் இவ்வண்டிகளில் பணியமர்த்தப்படும் ஓட்டுநரின் முதல் மாதப் பதிவில், மின்சாரச் செலவுக்கு முன்பாகக் கிளம்பும் நேரத்து முடுக்கத்தையே பார்க்க வேண்டும். பாகைமானியும் நூலும் கொண்டு பள்ளி மாணவர் எடுத்த அளவும் அதற்குத் துணைபுரியும்.